உம்முடைய நெல்லும் குகனின் தண்ணீரும்

பக்கத்து வளவில் இன்று காலை வெங்காயத்துக்கு இறைக்கத் தொடங்கினார்கள். வாட்டர் பம்பின் மண்ணெண்ணெய்ப் புகை குசினி யன்னல் வழியாக உள்ளே வந்தது. ஊற்றிய தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு யன்னலைச் சாத்தினேன். மணம் போகவில்லை. அந்த மணம் வந்தால் கூடவே உம்முடைய கைகளும் வந்துவிடும். ஆய்வுகூடத்துத் தொட்டியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கழுவுவீர். ஏன் இவ்வளவு கழுவுகிறீர் என்று நான் அப்போது கேட்கவில்லை.

உமக்கு எழுத வேண்டும் என்று சில கிழமைகளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு விசயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டீர். நானும் ஓம் என்றேன். இப்போது சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துக் கதைப்பது உமக்குப் பிடிக்காது என்பதால் அதை முதலிலேயே எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் அது எப்படி நடந்தது என்பதுதான்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒரே துறையில் வேலைக்கு வந்து, ஒரே அறையில் முதுகோடு முதுகாக இருந்தவர்கள். நீர் நீர்வேலியில் தோட்டம் செய்கிற தயாளன் அண்ணையைக் கட்டினீர். நான் யாரையும் கட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் உம்முடைய தோட்டத்துக் கத்தரிக்காயும் பயற்றங்காயும் எனக்கும் சேர்த்தே வரும். நமக்கு இடையில் இருந்த ஒரே பெரிய சண்டை நெல்லைப் பற்றியது. வறட்சியைக் கண்ட நெற்பயிர் அதை நினைவில் வைத்திருக்கிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் வரியில் எழுதினேன். நீர் சிவப்புப் பேனையால் வெட்டினீர். "நெல்லு ஒண்டையும் நினைக்கிறேல்லை. அதிலை குறி விழுந்திருக்கு. குறி எண்டே எழுதும்" என்றீர்.

நாம் தேடிக்கொண்டிருந்ததும் அந்தக் குறிகளைத்தான். நெற்பயிர் தண்ணீர் இல்லையென்று எழும்பிப் போக முடியாது. நின்ற இடத்திலேயே தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாறும்போது அதன் மரபணு எழுத்து ஒன்றும் மாறுவதில்லை. எழுத்தின் மேல் மெதைல் என்ற மிகச் சிறிய குறிகள் ஏறுகின்றன, சில இடங்களில் விழுந்துபோகின்றன. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பது அதனால் மாறுகிறது. மழை திரும்பியதும் பெரும்பாலான குறிகள் அழிந்துவிடும். எல்லாமே அழிகின்றனவா, அல்லது ஏதாவது விதைக்குள் போய்ப் பிள்ளைப் பயிரிலும் நிற்கிறதா? அதுதான் நமது கேள்வி. மொட்டைக்கறுப்பன் நெல்லைச் சாடிகளில் நட்டு, கதிர் வரும் பருவத்தில் பாதிச் சாடிகளுக்குத் தண்ணீரை நிறுத்தினோம். இலைகள் ஊசி மாதிரிச் சுருண்டன. அப்படி வாடிப் பிழைத்த பயிர்களின் விதையை எடுத்து மறுபடியும் நட்டோம். தாயும் பிள்ளையுமாக இரண்டு தலைமுறை இலைகளையும் வெட்டி, கடும் குளிர்ப் பெட்டிக்குள் உறைய வைத்தோம். இலையில் உள்ளதை வாசிக்கும் இயந்திரம் தெற்கே வேறொரு ஆய்வுகூடத்தில் இருந்தது. அங்கே அனுப்பவேண்டியது மட்டும்தான் மிச்சம்.

அப்போதுதான் நாடு முழுக்கப் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை வந்தது. பஸ்ஸும் லொறியும் நின்றன. மின்சாரம் இருக்கும் நேரத்தை விட இல்லாத நேரம் கூடியது. பல்கலைக்கழக வளாகத்து ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்கவில்லை. பெட்டி சூடாகி இலைகள் உருகினால் உள்ளே இருப்பது சிதைந்துபோகும். திரும்பச் செய்ய மேலும் இரண்டு தலைமுறை நட வேண்டும், அதற்கு ஆளும் இல்லை, வசதியும் இல்லை. நான் பெட்டியின் மேல் கம்பளியைப் போட்டு மூடிவிட்டு அழுதேன். நீர் அழவில்லை. மறுநாள் வீட்டில் இருந்த சின்ன ஜெனரேற்றரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தீர். யுத்த காலத்தில் எல்லாரும் பழகியதுபோலக் கொஞ்சம் பெற்றோல் விட்டு அதை ஓடப் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினீர். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது.

எண்ணெய் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். காங்கேசன்துறையில் உம்முடைய அண்ணன் வீட்டில் மிச்சம் இருந்ததாம். அந்த நாட்களில் எந்த வீட்டில் மிச்சம் இருந்தது? சோறு சமைக்கவே விறகு தேடித் திரிந்தார்கள். நீர் சொல்வது பொய் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும், "நல்லதாப் போச்சு" என்றேன். அந்த வார்த்தை இப்போதும் என் காதில் கேட்கிறது. எனக்கு அந்தப் பொய் தேவையாக இருந்தது. மண்ணெண்ணெய்க் கான் காலியாகும் முன் ரயிலில் போகிற ஒருவர் கிடைத்தார். இலைகள் உருகாமல் போய்ச் சேர்ந்தன.

பிறகு உம்முடைய வீட்டு வெங்காயம் சரிவரவில்லை என்று கேள்விப்பட்டேன். தயாளன் அண்ணைக்கும் அவருடைய தம்பி குகனுக்கும் கதைபேச்சு இல்லையென்றும் கேள்விப்பட்டேன். காணிப் பிரச்சினையாக்கும் என்று நினைத்தேன். நீர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மத்தியானத்தில் கத்தரிக்காய் வருவது மட்டும் கொஞ்ச நாள் நின்றது.

உமக்கு வருத்தம் என்று தெரிய வந்தபோது நோய் வெகுதூரம் போயிருந்தது. தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் உமக்குப் பக்கத்தில் இருந்துதான், தெற்கிலிருந்து வந்த முடிவுகளை என்னுடைய போனில் வாசித்தேன். வாடிய தாய்ப் பயிர்களில் கண்ட குறிகளில் பெரும்பாலானவை பிள்ளைகளில் இல்லை. ஆனால் சில இடங்களில் அப்படியே நின்றன. அந்தப் பிள்ளைகள் மற்றவற்றை விட முந்தி இலையைச் சுருட்டித் தண்ணீரைக் காத்துக்கொண்டன. நீர் கண்ணை மூடிக்கொண்டே, "நிண்டது கொஞ்சம்தான். கொஞ்சம் எண்டே எழுதும். கூட்டி எழுதிப்போடாதையும்" என்றீர். தூங்கிவிட்டீர் என்று நான் எழும்பப் போனபோதுதான் கையைப் பிடித்து மற்றதைச் சொன்னீர்.

அந்த எண்ணெய் தயாளன் அண்ணை வெங்காயத்துக்காக வரிசையில் படுத்துக் கிடந்து வாங்கி வந்தது. அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கொட்டிலில் இருந்த கானை எடுத்துக்கொண்டு வந்தீர். முதல் நாள்தான் குகன் வந்து தன்னுடைய தோட்டத்துக்கு ஒரு போத்தல் கேட்டிருந்தான். அண்ணை இல்லையென்று அனுப்பியிருந்தார். மறுநாள் கானைக் காணவில்லை என்றதும் அவர் மனம் நேரே தம்பியிடம் போனது. ஊர் பார்க்க அவன் வீட்டு வாசலில் நின்று கேட்டார். அவன் எடுக்கவில்லை என்றான். அவர் நம்பவில்லை. வெங்காயம் தண்ணீர் இல்லாமல் தாள் மஞ்சளித்து, காய் சிறுத்து நின்றுவிட்டது.

"குகன் எண்டு நான் சொல்லேல்லை" என்றீர். "அவராத்தான் நினைச்சவர். நான் மறுக்கேல்லை."

ஏன் அண்ணையிடம் கேட்டு வாங்கவில்லை என்று கேட்டேன். வெங்காயமா இலையா என்று கேட்டால் எந்தத் தோட்டக்காரன் இலை என்று சொல்லுவான் என்றீர். பிறகு சொல்லலாம் என்று விட்டீராம். விட விட அது சொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டதாம். இதை எனக்குச் சொன்னது என்னைக் கொண்டு சரிசெய்விக்க அல்ல. உமக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "நான் போன பிறகும் வாய் திறக்காதையும். அவர் என்னை ஒருநாளும் சந்தேகிச்சதில்லை. அது அப்பிடியே இருக்கட்டும்" என்றீர். நான் ஓம் என்றேன். அந்த நேரத்தில் நீர் எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பேன்.

மார்கழி மழையில் உம்மைக் கொண்டுபோனார்கள். பாடை தூக்குவதற்கு அண்ணையின் பக்கத்தில் உடன்பிறந்தவன் நிற்கவில்லை. குகன் படலைக்கு வெளியே, ஒழுங்கையில், குடை இல்லாமல் நனைந்துகொண்டு நின்றான். யாரும் அவனை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. நான் வாசலில் பெண்களோடு நின்று அவனைப் பார்த்தேன். அவனும் ஒருதரம் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உமக்குக் கொடுத்த வாக்கு என்று மனதுக்குச் சொன்னேன். உண்மையில் அதில் உம்முடைய பங்கு பாதிதான். சொன்னால், அந்த இலைகளுக்குத்தானே இவ்வளவும் என்று எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பயமே மற்றப் பாதி.

போன ஆவணியில் தயாளன் அண்ணை வளாகத்துக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தரம். உம்முடைய கதிரையில் இருக்காமல் நின்றபடியே கதைத்தார். கைதடிப் பக்கத்தில் இருக்கும் வயலில் ஒரு துண்டை உம்முடைய நெல்லுக்குத் தருகிறாராம். "அவ கடைசி வரைக்கும் இந்த நெல்லைப் பற்றித்தான் கதைச்சவ. சாடிக்குள்ளை வளர்த்தது காணும். என்ரை வயலிலை போடுங்கோ" என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே சந்தோசமும் இருந்தது, அதையும் உமக்கு மறைக்கவில்லை. தையில் மழை நின்ற பிறகு உண்மையான வயலில் அந்தக் குறிகள் உதவுகின்றனவா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

விதைத்தோம். வறட்சி கண்ட தாய்களின் வழிவந்த பயிர் ஒரு வரிசை, காணாதவற்றின் வழிவந்தது ஒரு வரிசை என்று மாறி மாறிக் கம்பு நட்டு அடையாளம் வைத்தேன். மேற்குப் பக்க வரம்பு மட்டும் மற்ற வரம்புகளைவிட உயரமாகவும் புதிதாகவும் இருந்தது. அதற்கு அப்பால் குகனுடைய வயல். அவனுடைய வயல் தண்ணீர் முந்தி அண்ணையின் வயலுக்குள்ளால்தான் வாய்க்காலுக்குப் போகும். சண்டை வந்த பிறகு அண்ணை அந்த வழியை மண் போட்டு அடைத்து வரம்பை உயர்த்தியிருந்தார். போன வருடங்களில் மழை பெரிதாக இல்லாததால் அது யாரையும் வருத்தவில்லை. இந்தக் கார்த்திகையில் பெய்த மழை அப்படி இல்லை.

மழை வெளித்த ஒரு காலையில் நான் வயலைப் பார்க்கப் போனேன். நம்முடைய துண்டு நன்றாக இருந்தது. உயர்ந்த வரம்பு அதை வெள்ளத்திலிருந்து காப்பாற்றியிருந்தது. மறுபக்கத்தில் குகனின் பயிர் நுனி மட்டும் தெரியத் தண்ணீருக்குள் நின்றது. அவனும் மனைவியும் வாளியால் தண்ணீரை அள்ளி அந்தப் பக்க ஒழுங்கைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றிய தண்ணீர் திரும்ப வயலுக்குள்ளேயே வடிந்தது. அவன் என்னைக் கண்டும் நிமிரவில்லை. தயாளன் அண்ணை இந்தப் பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு வரம்பு தூரம். இருவரும் மற்றவர் அங்கே இல்லாததுபோல வேலை செய்தார்கள்.

நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்று, "அண்ணை, அண்டைக்கு எண்ணெயைக் குகன் எடுக்கேல்லை" என்றேன்.

அவர் குனிந்தபடியே இருந்தார். யார் சொன்னது என்று கேட்டார். நீர்தான் சொன்னீர் என்றேன். பெட்டி, ஜெனரேற்றர், கான், ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். நீர் எனக்காகச் செய்தது என்று சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. கையில் இருந்த களையை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார்.

"எந்த நெல்லுக்கு?"

"இந்த நெல்லுக்குத்தான், அண்ணை. இதின்ரை தாய்க்கு."

அவர் தன் காலடியில் நின்ற பயிரைப் பார்த்தார். அதைப் பிடுங்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்கு வரம்புக்கு நடந்தார். அடைத்த இடத்தில் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார். "வெட்டினால் உங்கடை நெல்லுக்கு என்ன நடக்கும், தங்கச்சி?"

என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு தண்ணீரும் நம்முடைய வரிசைகளின் மேலால்தான் போகும். கம்புகள் சரியும், இளம் பயிர் இடம் மாறும், எது எந்தத் தாயின் வழி என்பது தெரியாமல் போகும். தப்பி நிற்கிற பயிரிலும் வெள்ளத்தின் குறிகள் ஏறிவிடும். பிறகு எது வறட்சி விட்டுப்போன குறி, எது வெள்ளம் போட்ட குறி என்று பிரிக்க முடியாது. நீர் எண்ணெய் ஊற்றி இலைகளைக் காத்த பயிரின் வழிவந்தது. ஒரு போகம் முழுக்கப் போய்விடும். கையில் மிச்சம் இருப்பது ஒரு சிறங்கை விதை. தண்ணீரை வேறு பக்கத்தால் விடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தப் பக்கத்தில் வாளியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பழுதாப்போகும்" என்றேன். "பறவாயில்லை. வெட்டுங்கோ."

அவர் வெட்டினார். தண்ணீர் முதலில் கசிந்தது, பிறகு மண்ணையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. முதல் வரிசைக் கம்புகள் சரிந்து மிதந்தன. தண்ணீர் இறங்குவதைக் கண்டு குகன் வாளியைப் போட்டுவிட்டு வரம்பு வழியே வந்தான். வெட்டிய வாயின் அந்தக் கரையில் அவன், இந்தக் கரையில் அண்ணை.

ஏன் திறந்தீர்கள் என்று அவன் கேட்டான்.

"எண்ணெய் நீ எடுக்கேல்லையாம்" என்றார் அண்ணை.

"அதை நான் அண்டைக்கே சொன்னனான்."

இருவரும் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வாய் மண் சரிந்து மூடப் பார்த்தது. குகன் தன்னுடைய மண்வெட்டியைக் கொண்டுவந்து அந்தக் கரையிலிருந்து வெட்டி அகலமாக்கினான். அவனுடைய மனைவி நின்ற இடத்திலேயே வரம்பில் குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் சேற்றுக்குள் நின்று மிதந்து வந்த கம்புகளைப் பொறுக்கினேன். அவற்றால் இனி ஒரு பயனும் இல்லை. சும்மா நிற்க முடியவில்லை.

திரும்பும்போது அண்ணை என்னுடைய மோட்டார் சைக்கிள் நின்ற இடம் வரை வந்தார். என்னிடம் கோபப்படவில்லை. உம்மீதும் கோபப்படவில்லை. அல்லது என் முன்னால் காட்டவில்லை. "என்னட்டைச் சொல்லியிருந்தா நானே தூக்கிக்கொண்டு வந்து ஊத்தியிருப்பன்" என்று மட்டும் சொன்னார். உண்மையாகவே ஊற்றியிருப்பாரா? நீர் இல்லை என்றுதான் கணக்குப் போட்டீர். அவரோடு வாழ்ந்தது நீர். உம்முடைய கணக்குப் பிழையென்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில், நீர் கேட்காமல் விட்டதுதான் அவருக்கு வெங்காயத்தை விடப் பெரிய இழப்பாகத் தெரிந்தது. அந்த இழப்பை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். நீர் அவருக்கென்று பத்திரமாக விட்டுப்போன ஒன்றை நான் எடுத்துவிட்டேன். ஊருக்குள் இந்தக் கதை எப்படிப் பரவும், உம்மைப் பற்றி என்ன சொல்லுவார்கள் என்று நினைத்து அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் உம்முடைய ஆண்டுத் திவசம். போகாமல் விடலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் அது இன்னொரு ஒளிப்பு. போனேன். படையல் முடிந்து பந்தி போட்டிருந்தார்கள். குகன் சோற்று வாளியோடு வந்து எனக்குப் பரிமாறினான். காணும் என்று நான் கையைக் காட்டிய பிறகும் இன்னொரு அகப்பை போட்டான். எனக்கு எதிரே இருந்த உறவுக்காரர் ஒருவர் அவனைக் கண்டு ஆச்சரியப்பட்டு, அந்த எண்ணெய்க் கதை என்ன மாதிரி முடிந்தது என்று அண்ணையிடம் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். நான் இலையைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தேன்.

அண்ணை குழம்புச் சட்டியோடு நின்றார். "அது என்ரை பிழை. நான்தான் பின் கொட்டிலுக்குள்ளை வைச்சிட்டு மறந்துபோனன். சாக்குகளுக்குக் கீழை கிடந்தது. தம்பியை அநியாயமாப் பேசிப்போட்டன்" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த இலைக்குக் குழம்பு விட்டார். எடுத்தது யார் என்று அண்ணை குகனுக்கு முன்பே சொல்லியிருந்தார். அவன் அண்ணனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். வாளியோடு உள்ளே போனான். ஊர் பார்க்கத் தன்னைக் கள்ளன் ஆக்கிய அந்தக் கதையின் உண்மையை ஊர் பார்க்கச் சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது. அதை அவன் உமக்காக விட்டுக்கொடுத்தான்.

ஆகவே ஊரில் உம்முடைய பெயர் அப்படியே இருக்கிறது. நான் உடைத்ததை அவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து மூடிவிட்டார்கள். நான் உம்முடைய வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டிருந்தேன். அன்று ஆய்வுகூடத்தில் "நல்லதாப் போச்சு" என்று சொன்னவளாவது வாய் திறந்தாள். இந்தத் தரம் அதுவும் இல்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் உம்மிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கேட்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்பவள், திரும்ப அப்படிச் செய்ய மாட்டேன் என்றும் சொல்ல வேண்டும். அந்த வாளிச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்டாலும் நான் அதையேதான் சொல்லுவேன். உமக்குச் செய்த துரோகம் துரோகமாகவே இருக்கிறது, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

குகன் நேற்றுப் போன் எடுத்தான். அடுத்த போகத்துக்குத் தன்னுடைய வயலில் ஒரு துண்டு தரலாமாம், அங்கே தண்ணீர் நிற்காதாம், வரம்பின் உயரத்தைக் குறைத்துவிட்டார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீர் இருந்தால் உம்மிடம் கேட்டிருப்பேன்.